குதிரைக்கு ராத்திரியில் வயிறு காயக்கூடாது: தீனி வலையைப் பற்றி ஒரு விரிவான பதில்

பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எல்கைப் பந்தயத்துக்காக ஏழு வயதுக் குதிரை ஒன்று வைத்திருக்கிறேன். காலையிலும் சாயங்காலமும் கொள்ளும் தவிடும், நடுவில் வைக்கோல். நன்றாகத்தான் தின்கிறது. ஆனால் ராத்திரி முழுக்கக் கட்டுத்தறியைக் கடிக்கிறது. இந்த வருஷம் இரண்டு தடவை வயிற்றுவலி வந்துவிட்டது. தீனியை வலையில் போட்டுக் கட்டினால் மெதுவாகத் தின்னும், உடம்புக்கு நல்லது என்கிறார்கள். உண்மையா, இல்லை இதுவும் ஒரு வியாபாரமா?"

உண்மைதான் தம்பி. ஆனால் வலையை வாங்கிக் கட்டிவிட்டால் மட்டும் உங்கள் குதிரையின் வயிற்றுவலி போய்விடாது. வலைக்குள் என்ன போடுகிறீர்கள், எந்த நேரத்தில் போடுகிறீர்கள் என்பதில்தான் முக்கால்வாசி இருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று டெல்டாவில் 28 வருஷம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன் நான். பார்த்ததில் பெரும்பாலும் மாடும் ஆடும். குதிரை என்று வந்தவை குறைவு. வந்தவற்றில் பாதிக்கு மேல் வயிற்றுவலி. தீனி போடும் முறையை விசாரித்தால் ஏறக்குறைய எல்லாரும் நீங்கள் எழுதியதையேதான் சொல்வார்கள்: காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை, ராத்திரி ஒன்றுமில்லை.

இது மாட்டுக்கு வகுத்த நேரம். நாம் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்தவர்கள், அதனால் கொட்டகைக்குக் குதிரை வந்தாலும் கை அதே பழக்கத்தில் போகிறது. மாடு சாயங்காலம் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்து, ராத்திரி முழுக்க அசை போட்டுக்கொண்டிருக்கும். அசை போடப் போட எச்சில் ஊறும், வயிறு வேலையோடு இருக்கும். குதிரைக்கு அசை போடும் வசதி கிடையாது. வாயில் தீனி இருந்தால்தான் மெல்லும், மென்றால்தான் எச்சில் ஊறும். நாள் முழுக்க நார்த்தீனி மெல்லும் குதிரைக்கு 35 முதல் 40 லிட்டர் வரை எச்சில் சுரக்கும். இரைப்பையில் அமிலமோ தின்றாலும் தின்னாவிட்டாலும் 24 மணி நேரமும் ஊறிக்கொண்டே இருக்கும். அந்த அமிலத்தை அடக்குவதற்கு இருப்பது எச்சிலும் நாரும்தான்.

குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு ரொம்பச் சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். அதன் மேல்பாதிக்கு அமிலத்தைத் தாங்கும் சளிப்பூச்சு இல்லை. உள்ளே நார்த்தீனி இருந்தால் அது அமிலத்தின் மேல் பாய் விரித்தது போல மிதந்து, மேலே தெறிக்க விடாது. காலியாக இருந்தால் அமிலம் நேராகப் பூச்சில்லாத தோலில் படும். புண் அங்கேதான் வரும். உங்கள் குதிரை சாயங்காலம் 6 மணிக்குக் கொள்ளும் தவிடும் தின்று, 8 மணிக்குள் வைக்கோலையும் முடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பிடி காலை 6 மணிக்கு. நடுவில் 10 மணி நேரம். கட்டுத்தறியைக் கடிப்பது அந்த 10 மணி நேரத்தில்தான். அதைத் திமிர் என்று நினைத்து அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அடிக்காதீர்கள். வயிறு எரிகிற பிராணி எதையாவது மென்று எச்சிலை வரவழைக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

கோடியக்கரை காட்டில் திரியும் மட்டக்குதிரைகளை ஒரு காலை முழுக்க உட்கார்ந்து பாருங்கள். நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாய் புல், இரண்டு எட்டு நடை, மறுபடி ஒரு வாய். தலையை நிமிர்த்துவதே அபூர்வம். காட்டில் விட்ட குதிரை ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் மேயும். ராத்திரியிலும் மேயும். தொடர்ந்து மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வாய் சும்மா இருப்பது அரிது. கட்டிப்போட்ட குதிரைக்கும் வயிறும் குடலும் அதே வார்ப்புதான். தீனி வலை செய்யும் காரியம் இதுதான்: ஒரு மணி நேரத்தில் முடிகிற தீனியை ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு நீட்டித் தருகிறது.

எவ்வளவு நீளும் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், தரையில் போட்டால் சுமார் 3 மணி நேரத்தில் தீர்ந்த உலர்புல், 15 செ.மீ. கண் (ஓட்டை) உள்ள வலையில் கிட்டத்தட்ட அதே நேரம்தான் தாங்கியது. 4.4 செ.மீ. கண்ணில் 5 மணி நேரத்துக்கும், 3.2 செ.மீ. கண்ணில் ஆறரை மணி நேரத்துக்கும் போனது. பெரிய கண் வலையால் ஒரு பயனும் இல்லை என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் வலைகளில் பல அந்த ரகம்.

இப்போது தவிட்டுக்கும் கொள்ளுக்கும் வருகிறேன். ஒரு கிலோ உலர்புல்லைத் தின்ன குதிரைக்கு ஏறக்குறைய 40 நிமிஷம் ஆகும், 3,000 தடவைக்கு மேல் மெல்லும். ஒரு கிலோ தானியம் 10 நிமிஷத்தில் காலி, மெல்லுவது ஆயிரம் தடவைக்குள். எச்சில் வித்தியாசம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சிறுகுடல் செரிக்க முடியாத அளவுக்கு மாவுச்சத்து ஒரே வேளையில் இறங்கினால், மிச்சம் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்துவிடும். அங்கே நாரைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் சாகும், நஞ்சு ரத்தத்தில் ஏறும், குளம்பின் உள்தசை வீங்கிச் சூடேறி வெந்தது போல வலிக்கும். ஒரு வேளைக்கு, உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்துக்குள் நிறுத்துவது பாதுகாப்பு. 280 கிலோ குதிரைக்கு 280 கிராம். அரிசியாகச் சொன்னால் 350 கிராமிலேயே அந்த அளவு வந்துவிடும்.

ஒரு மாட்டுப் பொங்கல் மறுநாள் மன்னார்குடிப் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். சாம்பல் நிற மட்டக்குதிரை, வீட்டுப் பிள்ளைகள் ஏறி விளையாடும் சாது. மாட்டுக்கு ஊட்டிய பொங்கலை, "இதுவும் நம்ம வீட்டுப் பிராணிதானே" என்று ஒரு பெரிய சட்டி நிறைய அதற்கும் வைத்திருக்கிறார்கள். நான் போனபோது முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னங்காலில் போட்டு, தரை சுடுவது போல நின்றுகொண்டிருந்தது. குளம்பைத் தொட்டேன், கொதித்தது. கணுக்காலுக்குப் பின்னால் விரலை வைத்தால் நாடி அடிப்பது தெளிவாகத் தெரிந்தது. பிழைத்தது, ஆனால் பழையபடி ஓடவில்லை. அந்த வீட்டு அம்மா அன்புதான் காட்டினார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு வரி முன்னாலேயே சொல்லியிருந்தால் கேட்டிருப்பார் என்ற வருத்தம்தான் எனக்கு இன்றைக்கும். அந்தத் தாலுக்காவில் அதற்கு முன் எத்தனையோ முகாம் நடத்தியிருக்கிறேன், ஒன்றில்கூட இதை நான் பேசியதில்லை.

தவிட்டில் வேறொரு தொல்லை. நெல் தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. குதிரைக்குக் கால்சியம்தான் பாஸ்பரஸைவிடக் கூடுதலாக வேண்டும், ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. தவிடு கூடக்கூட உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுக்கும். நாளாக ஆக முகத்து எலும்பு வீங்கி, நடை நொண்டும். கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லைக் கட்டுக்கட்டாக அறுத்துப் போடுகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், குதிரைக்குக் கிடைக்க விடாது. மாட்டின் முதல் வயிற்றில் அதை உடைக்கும் நுண்ணுயிர்கள் உண்டு, அதனால் மாடு ஓரளவு தாங்கும். மாட்டுக்கு நல்ல புல்லாயிற்றே என்று குதிரைக்கு அதையே முழுத்தீனி ஆக்காதீர்கள். கலப்பு மாட்டுத்தீவன மூட்டையும், கோழித்தீவனமும் கிட்டவே வேண்டாம். சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்தைச் சேர்த்திருப்பார்கள். மாட்டுக்கும் கோழிக்கும் அது பலன் தரும். குதிரைக்கு மிகச் சிறிய அளவே இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

ஆக, உங்கள் குதிரைக்கு அடிப்படைத் தீனி நார். ஒரு நாளைக்கு உடம்பு எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம், உலர் எடையில். எடை தெரியாவிட்டால் தராசு தேட வேண்டாம், தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை செ.மீ.யில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்புட்டத்து எலும்பு வரை நீளம் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுங்கள். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் 265 கிலோ வரும். காய்ந்த தீனியிலும் கொஞ்சம் ஈரம் நிற்கும் என்பதால், அந்தக் குதிரைக்கு நாளைக்கு ஐந்தரை, ஆறு கிலோ உலர்தீனி வேண்டும்.

வைக்கோல் மட்டும் போட்டு அந்த ஆறு கிலோவை நிரப்பினால் என்ன என்று கேட்பீர்கள். சம்பா அறுவடை முடிந்தால் நம் பக்கம் எங்கு பார்த்தாலும் வைக்கோல் கட்டுதான், மலிவு, மறுக்கவில்லை. ஆனால் வைக்கோலை மட்டுமே நாராகக் கொடுத்த குதிரைகளுக்கு இரைப்பைப் புண் கூடுதலாக வருவதை டென்மார்க்கில் நடந்த ஆய்வு ஒன்றில் கண்டிருக்கிறார்கள். இரண்டு தீனிக்கு நடுவே ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டாலும் புண் கூடியது என்று அதே ஆய்வில் வந்தது. அது அந்த ஊர் வைக்கோல். நம் நெல் வைக்கோலில் மணற்சத்தான சிலிக்கா நிறைய, புரதம் ரொம்பக் குறைவு, செரிப்பதும் கடினம். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குதிரைக்கு அது குடலில் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். உங்கள் குதிரைக்கு வந்த இரண்டு வயிற்றுவலியில் ஒன்றாவது இதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். வைக்கோலை மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள்.

மிச்சத்துக்கு எங்கே போவது? வரப்பில் நிற்கும் அருகம்புல்லைப் போலக் குதிரைக்கு ஏற்ற புல் குறைவு. தை, மாசி வெயிலில் அறுத்து, இரண்டு மூன்று நாள் புரட்டிப் போட்டுக் காயவைத்துச் சேர்த்துவையுங்கள். களைக்கொல்லி அடித்த வரப்பா என்று வயல்காரரிடம் கேட்டுவிட்டு அறுக்க வேண்டும். சம்பா தாளில் விதைத்த உளுந்து, பயறு பறித்து அடித்தபின் கிடைக்கும் கொடி நல்ல தீனி. உங்கள் பேராவூரணிப் பக்கத்தில் கடலைக்கொடியும் கிடைக்கும். வேரில் ஒட்டிய மண்ணை உதறி, பூஞ்சணம் பிடித்த கொடியை ஈவு இரக்கமில்லாமல் தள்ளிவிடுங்கள். லூசர்ன் புல்லுக்கு நம் மொழியில் பெயரே குதிரைமசால்தான். அதன் கால்சியமும் புரதமும் இரைப்பை அமிலத்தை நன்றாக அடக்கும். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் அது அழுகும், உங்கள் பக்கத்து வடிகால் உள்ள மண்ணில் ஒரு பாத்தி போட்டுப் பார்க்கலாம். பழைய தீனியிலிருந்து புதியதுக்கு மாற்றும்போது இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

இனி வலை. இதற்கு நீங்கள் பட்டணத்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மல்லிப்பட்டினமோ சேதுபாவாசத்திரமோ போங்கள், வலை பின்னுகிறவர்கள் ஒரே நாளில் பின்னித் தருவார்கள். ஆனால் அளவு சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு, நானே அதில் தவறினேன். "நாலு சென்டிமீட்டர் கண்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்த வலையில் என் இரண்டு விரல்கூடச் சரியாக நுழையவில்லை. வலைக்காரர்கள் கண்ணை நீட்டி இழுத்து, முடிச்சுக்கு முடிச்சு அளப்பார்கள். நமக்கு வேண்டியது சதுரமாக விரிந்த ஓட்டையின் ஒரு பக்கம். ஒரு பக்கம் 4 செ.மீ. வேண்டுமென்றால் "நீட்டினால் எட்டு" என்று சொல்ல வேண்டும். கையோடு நான்கு செ.மீ. சதுரமாக ஓர் அட்டையை வெட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டால் பேச்சே தேவையில்லை.

கயிறு 3 மி.மீ. பருமன் நைலானாக இருக்கட்டும். கழித்துப்போட்ட பழைய மீன் வலையை மட்டும் வாங்காதீர்கள். அதன் மெல்லிய நைலான் இழை ஈறை அறுக்கும், அறுந்த இழை வயிற்றுக்குள் போனால் குடலைச் சுற்றும். முதல் வலை பக்கத்துக்கு 5 செ.மீ. கண்ணில் இருக்கட்டும். நீளமான வைக்கோலுக்கு அதுவே சரி. பழகியபின் அருகம்புல்லுக்கும் கொடிக்கும் 4 செ.மீ. மூன்றுக்குக் கீழே போக வேண்டாம். ஒன்றும் கிடைக்காத கோபத்தில் வலையைப் பிடித்து இழுத்து, பல்லையும் ஈறையும் புண்ணாக்கிக்கொள்ளும். முதல் வாரம் பாதித் தீனியைத் தரையிலும் பாதியை வலையிலும் போடுங்கள். ஒரே பெரிய வலையைவிட, கொட்டகையின் இரண்டு மூலையில் இரண்டு வலை கட்டினால் குதிரை நடந்து நடந்து தின்னும். அதுவும் குடலுக்கு நல்லது.

எங்கே கட்டுவது என்பதில் கவனம் வேண்டும். பந்தயக் குதிரை என்பதால் லாடம் அடித்திருப்பீர்கள். வலை தாழத் தொங்கினால் லாடத்தின் நுனி வலைக் கண்ணில் மாட்டி, இழுத்த இழுப்பில் கால் முறியலாம். வலை காலியாகித் தொங்கும்போதும் அதன் அடி குதிரையின் மார்பு மட்டத்துக்குக் கீழே வரக்கூடாது. அதற்காகத் தலைக்கு மேலே கட்டிவிட்டால் தூசி கண்ணிலும் மூக்கிலும் கொட்டும், கழுத்தும் முதுகும் இறுகும். குனிந்து தின்பதுதான் குதிரைக்கு இயல்பு, அப்போதுதான் மூக்குச்சளி வடியும். எனக்குப் பிடித்தது இன்னொரு முறை: மார்பு உயரத்துக்குள் அடங்கும் சிமெண்டுத் தொட்டியிலோ, பாதியாக வெட்டி விளிம்பில் ரப்பர் குழாய் கவிழ்த்த பிளாஸ்டிக் டிரம்மிலோ தீனியைப் போட்டு, மேலே வலையை விரித்து விளிம்பில் இறுகக் கட்டிவிடுவது. கால் உள்ளே போகாது, தலையும் குனிந்திருக்கும். வலைக்குப் பதிலாகக் கம்பிக் கிராதி போடுகிறவர்கள் உண்டு. பல் தேயும், வேண்டாம்.

கடற்கரைப் பக்கத்து மணல் தரைக்காரர்களுக்கு இந்தத் தொட்டியால் இன்னொரு லாபம். தரையில் போட்ட தீனியோடு மணலும் உள்ளே போய்ப் பெருங்குடலில் படியும். சந்தேகம் இருந்தால் இன்றைக்கே பார்த்துவிடலாம். தரையைத் தொடாத, புதிதாக விழுந்த சாணத்தில் ஐந்தாறு உருண்டையை எடுத்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, முக்கால்வாசித் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, கால் மணி நேரம் ஆடாமல் வையுங்கள். நார் மிதக்கும், மணல் அடியில் வெள்ளையாகப் படியும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் கண்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தீனியைக் கட்டையின் மேல் ஏற்றி அடுக்குங்கள், மார்கழிப் பனியும் அதைக் கெடுக்கும். தூசித் தீனியை அரை மணி நேரம் நனைத்துப் போடலாம், ஆனால் நம் வெக்கையில் நனைத்தது சீக்கிரம் புளித்துவிடும், உடனே தின்னக்கூடிய அளவை மட்டும் நனையுங்கள். பக்கத்தில் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும். வேதாரண்யத்துக் கல்லுப்பு ஒரு நாளைக்கு 25 கிராம் வைத்தால் தாகம் எடுத்துக் குடிக்கும்.

பந்தயக்காரரான உங்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். வயிறு காலியாக இருந்தால் வேகமாக ஓடும் என்று முதல் நாள் ராத்திரியிலிருந்தே பட்டினி போடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஓடும்போது வயிற்றுத் தசைகள் இரைப்பையை அழுத்த, அமிலம் மேல்பாதிக்குத் தெறிக்கும். பட்டினி வயிற்றில் அதைத் தடுக்க ஒன்றும் இல்லை. திருக்கடையூர் காணும் பொங்கல் பந்தயமாக இருந்தாலும் சரி, ஊர்க்கோடியில் காலைப் பயிற்சியாக இருந்தாலும் சரி, ஓட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால் இரண்டு கைப்பிடி குதிரைமசாலோ உலர்புல்லோ மெல்லக் கொடுங்கள். வயிறு நிரம்பிவிடாது. கொள்ளை வேகவைத்தே கொடுங்கள், அதையும் மூன்று வேளையாகப் பிரித்து, நார் தின்றபின் கொடுங்கள்.

வலை எல்லாக் குதிரைக்கும் ஒத்துவராது. பல் விழுந்த கிழக்குதிரை, மெலிந்துபோனது, குட்டி, இவற்றுக்கு வேண்டாம். உங்கள் குதிரை மென்ற புல்லை உருண்டையாகத் துப்பினால் முதலில் பல்லைக் காட்ட வேண்டும். கொழுத்த மட்டக்குதிரைக்கு வலை நல்லது, ஆனால் அளவில்லாமல் நிரப்பிக்கொண்டே இருந்தால் வலையிலும் தின்று கொழுக்கும்.

ஏற்கெனவே புண் இருந்தால் வலையால் மட்டும் ஆறாது. மூன்று மீட்டர் நீளக் குழாய்க் கேமராவை இரைப்பைக்குள் விட்டுத்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். பக்கத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கொண்டுபோய்க் காட்டி என்ன வசதி என்று கேளுங்கள். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மருந்து கொடுத்தால் ஆறும். தீனி முறை மாறாவிட்டால் மருந்து நின்றதும் திரும்ப வரும். வலி மருந்தை நீங்களாகத் தொடர்ந்து போடாதீர்கள், அதுவே புண் உண்டாக்கும். வயிற்றுவலி வந்தால் மூங்கில் குழாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றவே கூடாது. தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடும், குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. தீனியை எடுத்துவிட்டு, உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நாளை சாயங்காலத்திலிருந்து இப்படித் தொடங்குங்கள். மொத்தத் தீனியில் கிட்டத்தட்ட பாதியை, இரண்டரை கிலோவை, ராத்திரிக்கு ஒதுக்குங்கள். 9 மணிக்குப் படுக்கப் போகும்போது வலை நிரம்பியிருக்கட்டும். முதல் வாரம் மட்டும் தூக்கத்தைப் பார்க்காமல் 12 மணிக்கு ஒரு தடவை டார்ச்சோடு போய், வலையில் எவ்வளவு மிச்சம், குதிரை தின்கிறதா, படுத்திருக்கிறதா, கட்டையைக் கடிக்கிறதா என்று பாருங்கள். காலையில் வலையில் ஒரு பிடியாவது மிஞ்சியிருக்க வேண்டும். சாணம் எத்தனை தடவை போட்டது என்பதையும் சேர்த்து ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஏழு நாள் கணக்கை எழுதி அனுப்பினால், வலைக் கண்ணைச் சின்னதாக்க வேண்டுமா, தீனியைக் கூட்ட வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.